தாளாளர் வீட்டம்மா வாங்கின கேமரா

என்ன எடுக்கப் போறீங்கன்னு நான் இப்பல்லாம் கேக்கறதில்லைங்க தம்பி. முந்தி கேப்பேன். முதல் கேமரா வாங்கணும்னு யாரு வந்து நின்னாலும், உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, அதைத்தான் மொதல்ல கேப்பேன். என்ன எடுப்பீங்க, எங்க வெச்சு எடுப்பீங்க, யாரு தூக்கிட்டுப் போவாங்க. இந்த மூணும் தெரிஞ்சாப் போதும், எந்தக் கேமரான்னு தன்னால தெரிஞ்சுரும். இந்தக் கோபியில இருபத்திரண்டு வருசமா அப்படித்தான் வித்தேன். போன வருசத்தோட விட்டுட்டேன்.

உக்காருங்க. இன்னைக்கு கடையில நான் மட்டுந்தான். பில்லு போடறது எங்க வீட்டுக்காரி ராசாமணி. அவ வெளிய போயிருக்கா. மணி என்னங்க ஆச்சு? பன்னெண்டு பத்தா. சரி.

இதைக் கையில புடிச்சுப் பாருங்க. உடனே கண்ணுகிட்டக் கொண்டு போகாதீங்க, மொதல்ல சும்மா புடிங்க. சுண்டு விரல் அடியில புடிமானம் இல்லாமத் தொங்குதுங்களா? அப்ப அது உங்க கைக்குச் சின்னது. இதையெல்லாம் இன்டர்நெட்டுல சொல்ல மாட்டான். மெகாபிக்சல் மெகாபிக்சல்னுட்டே இருப்பான். புதுசாக் கத்துக்கறவங்களுக்கு கேமரா பாடி எதுவா இருந்தா என்னங்க, மூணு வருசத்துல மாத்திருவீங்க. லென்சுதான் கூடவே வரும். ஆரம்பத்துக்கு கேமராவோட குடுக்கற லென்சே போதும். மீதிக் காசுக்கு இன்னொரு பேட்டரி வாங்குங்க. அதான் நான் சொல்றது. அந்தம்மாவுக்கும் இதேதான் சொன்னேன். நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாங்க.

ஆடி மாசம், ஒரு செவ்வாக்கிழமை, காலைல பத்தரை இருக்கும். கையில காய்கறிப் பையி. முப்பது முப்பத்திரண்டு வயசு. நல்ல இடத்துப் பொண்ணுன்னு பாத்தாலே தெரிஞ்சுது. மணிக்கட்டு வரைக்கும் கை வெச்ச ஜாக்கெட்டு. இந்தப் புழுக்கத்துல எப்படித்தான் போடறாங்களோன்னு நினைச்சேன். பேஷனுக்கு முன்னால புழுக்கம் என்னங்க பண்ணும்.

என்ன அம்மணி எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன். ஷோகேசுல இருந்த கேமராவ ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. அப்புறம், வீட்டுக்குள்ள எடுக்கணுங்ண்ணா, கிட்டத்துல வெச்சு எடுக்கணும்னாங்க. பூச்செடி, பலகாரம், அந்த மாதிரின்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். நான் நேர்மையான யாவாரிங்க. அதுக்கு எதுக்கு அம்மணி இவ்வளவு பெரிய கேமரா, உங்க போன்லயே எடுக்கலாமேன்னு சொன்னேன். போன்ல வேண்டாங்ண்ணான்னு சட்டுன்னு சொன்னாங்க. எனக்கு ஒரே சந்தோசம். தரம் தெரிஞ்ச ஆளு வந்திருக்காங்கன்னு.

அவங்க கேட்ட கேள்வியெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஏன்னா வேற யாரும் அப்படிக் கேட்டதில்லை. பிளாஷ் போடாம, ஜன்னல் சாத்தின ரூம்புல படம் விழுமா. நிறம் உள்ளது உள்ளபடி வருமா, நீலமா இருந்தா நீலமா, மஞ்சளா இருந்தா மஞ்சளாவே வருமா. வேற ஆளு இல்லாம தன்னைத் தானே எடுத்துக்க முடியுமா. எடுத்த தேதி படத்துல இருக்குமா. கடைசியா, அமுத்துனா வர்ற டக்குன்னு சத்தம், அது கதவுக்கு அந்தப் பக்கம் கேக்குமான்னு கேட்டாங்க.

வீட்டுல குழந்தை தூங்கும்போல இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். உள்ளார ஒரு கண்ணாடி மேல போயிட்டுக் கீழ வரும் அம்மணி, அந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும், ஆனா மெதுவா வர்ற மாதிரி ஒரு வசதி இருக்குன்னு காட்டினேன். மூணு கேமராவ எடுத்து வெச்சேன். மூணையும் காதுகிட்ட வெச்சு அமுத்திப் பாத்தாங்க. திரை பக்கவாட்டுல திறந்து நம்ம பக்கமாத் திரும்புமே, அந்த மாடல எடுத்துக்கிட்டாங்க. தன்னைத் தானே பாத்து எடுக்க அதுதான் சரி. நான் சொல்லாமலே கண்டு புடிச்சுட்டாங்க.

பில்லுல பேரு வேண்டாம்னாங்க. வாரண்டிக்கு போன் நம்பரு கேட்டேன், அதுவும் வேண்டாம்னாங்க. டப்பாவ இங்கயே வெச்சுக்கங்கண்ணான்னு சொல்லிட்டு, கேமராவ ஒரு துண்டுல சுத்தி, வெண்டைக்காய்க்கு அடியில வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. வீட்டுல யாருக்கோ ஆச்சரியமாக் காட்டப் போறாங்கன்னு நினைச்சேன். ராசாமணி மட்டும் பில்லு புக்குல இருந்து தலையத் தூக்கி, அவங்க தெருவத் தாண்டற வரைக்கும் பாத்துட்டே இருந்தா.

கேமரா வாங்கறவங்களுக்கு மூணு கிளாசு நான் சும்மா எடுப்பேன். அந்தம்மா மூணு செவ்வாக்கிழமையும் வந்தாங்க. அப்படி ஒரு ஸ்டூடண்டு எனக்குக் கிடைச்சதில்லைங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் என்ன கேப்பாங்க? முகம் தெளிவா, பின்னாடி எல்லாம் மங்கலா வரணும்பாங்க. நீங்களும் அதைத்தான் கேக்கப் போறீங்க. அந்தம்மா, எல்லாமே தெளிவா இருக்கணுங்ண்ணா, ஒரு மயிரிழை கூட மங்கக் கூடாதும்பாங்க. ரெண்டாவது கிளாசுல ஒரு சந்தேகம் கேட்டாங்க. சின்னதா ஒண்ணை எடுத்தா, அது நெசத்துல எவ்வளவு பெருசுன்னு படம் பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல ஒரு ஸ்கேல வெச்சு எடுங்க அம்மணின்னேன். நான் சொல்லி வாய மூடறதுக்குள்ள ராசாமணி டிராயரத் தொறந்து ஒரு ஆறு இஞ்ச் ஸ்கேல எடுத்து அவங்க கையில குடுத்தா. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. எனக்கு அது என்னன்னு புரியலை.

அன்னைக்குச் சாயந்திரம் ராசாமணி சொன்னா, "ஏனுங்க, அந்தப் புள்ளைகிட்ட எதையும் தோண்டிக் கேக்காதீங்க. கத்துக் குடுத்தாப் போதும். வெளிய யாருகிட்டயும் பேசாதீங்க." ஏன்னு கேட்டேன். சொன்னாக் கேளுங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டா. சொல்றத முழுசாச் சொல்ல மாட்டா. அதுதான் அவகிட்ட எனக்குப் புடிக்காதது.

இப்ப நம்ம தாளாளரைப் பத்திச் சொல்லணும். ஊருக்கு மேக்கால ஒரு பெரிய ஸ்கூலு இருக்கு, பேரு வேண்டாம் விடுங்க. அதுக்குத் தாளாளரு செங்கோட்டுவேல். அங்க படிக்கற அத்தனை பசங்களுக்கும் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கறது நாந்தான். ஆண்டு விழாவும் நாந்தான். அந்த வேலை இல்லைன்னா இந்தக் கடை என்னைக்கோ செல்போன் கவர் விக்கற கடையாப் போயிருக்கும். தங்கமான மனுசருங்க. குரல உசத்திப் பேசி நான் பாத்ததில்லை. கைய ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு, சின்னதாச் சிரிச்சுக்கிட்டே நடப்பாரு. அவரு வராண்டாவுல நடந்தா வாத்தியாருங்க கூடச் சுவரோரமா ஒதுங்கிக்குவாங்க. அவ்வளவு மரியாதை.

ஆயுத பூசையன்னைக்கு ஸ்கூல்ல பஸ்சுக்கெல்லாம் மாலை போட்டு வரிசையா நிறுத்தியிருந்தாங்க. நான் படம் எடுத்துட்டு இருந்தேன். தாளாளரு கார் வந்து நின்னுது. அவரு எறங்கினாரு. அந்தப் பக்கக் கதவத் தொறந்துக்கிட்டுப் பட்டுச் சேலையில எறங்கினது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம அம்மணிதாங்க. கோகிலவாணின்னு பேரே அன்னைக்குத்தான் தெரியும். இவ்வளவு பெரிய இடத்து அம்மாவ அம்மணி அம்மணின்னு கூப்பிட்டமேன்னு எனக்குக் கூச்சமாப் போச்சு.

அவங்களும் என்னைப் பாத்துட்டாங்க. பாத்துட்டுத் தலைய ஒரு தடவ, இப்படி, லேசா ஆட்டினாங்க. வேண்டாம்னு சொல்றாங்கன்னு எனக்குத் தோணலைங்க. தோடு கனமா இருக்கும், அசைஞ்சு குடுக்கறாங்கன்னு நினைச்சேன்.

நான் நேராப் போயி, "சார், மேடம் நம்ம ஸ்டூடண்டுங்க"ன்னேன்.

அவரு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. "அப்படியா வேலு. என்ன கத்துக் குடுத்தே?"

கேட்டா சொல்லணுமில்லைங்களா. சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். எந்த மாடலுன்னு சொன்னேன். ஜன்னல் சாத்தின ரூம்புல எடுக்கறது, நிறம் மாறாம எடுக்கறது, தன்னைத் தானே எடுத்துக்கறது, தேதி வெக்கறது, ஸ்கேல் வெச்சு எடுக்கறது, ஒண்ணு விடலை. சத்தம் வராம எடுக்கறது கூடச் சொன்னேன். அவரு ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிக் கேட்டாரு. முடிச்சதும் தோள்ல தட்டி, நல்லாக் கத்துக் குடுத்திருக்கே வேலுன்னாரு. மேடம் அப்ப பஸ்சுக்கு வெச்சிருந்த எலுமிச்சம் பழத்தையே பாத்துட்டு நின்னாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் பொரி, கடலை, ரெண்டு கிலோ இனிப்புன்னு ஸ்கூல் ஆளுகிட்டக் குடுத்து அனுப்பியிருந்தாரு. ராசாமணி எங்கிருந்து வந்துதுன்னு கேட்டா. சொன்னேன். நீங்க என்ன பேசினீங்கன்னு கேட்டா. அதையும் சொன்னேன். அவ அந்த இனிப்பு டப்பாவத் தொறக்கவே இல்லை.

மூணாம் நாளு தாளாளரே கடைக்கு வந்தாரு. இதே எடத்துல. கையில அந்தக் கேமரா. மேடம் எடுத்ததுல ஒரு படத்தையும் காணோம், எப்படி அழிஞ்சுதோ, பாரேன் வேலுன்னாரு. வருத்தமாச் சொல்ற மாதிரித்தான் சொன்னாரு. அழிச்சாலும் போகாதுங்க சார், கார்டுல அடியில கிடக்கும், முறையாத் தேடினா வந்துரும்னு சொல்லிக் கம்ப்யூட்டர்ல போட்டேன். தொழில் தெரிஞ்சவன்னு காட்டிக்கறதுல ஒரு ஆசைங்க, வேற ஒண்ணுமில்லை. அவரு எனக்குப் பின்னால நின்னுட்டு இருந்தாரு.

படம் ஒவ்வொண்ணா வந்துது.

பூச்செடி இல்லைங்க. கை. முழங்கைக்கு மேல. முதுகு. கழுத்து. தொடை ஓரம். எல்லாத்துலயும் பக்கத்துல அந்த ஆறு இஞ்ச் ஸ்கேலு. அடியில தேதி. அறுபத்து மூணு படம். ஆடியில ஆரம்பிச்சு ஆயுத பூசைக்கு முந்தின நாளு வரைக்கும். நீலம் நீலமாவே இருந்துது, மஞ்சள் மஞ்சளாவே இருந்துது. ஒரு படத்துல தோள்பட்டையில நாலு தடம், அதுல ஒரு தடத்துல மட்டும் சதுரமா ஒரு அச்சு. பின்னால நின்னவரு மேசை மேல கை ஊனியிருந்தாரு. கையில சதுரக் கல்லு வெச்ச மோதிரம். நான் பாக்கலைன்னு சொல்லலைங்க. பாத்தேன். பாத்துட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிட்டேன்.

ஏதாவது பேசணும்னு, "வெளிச்சம் சரியா விழுந்திருக்குங்க சார்"னேன். அதைத்தான் சொன்னேன்.

"கோகிலாவுக்கு உடம்பு அப்படி வேலு. லேசா இடிச்சுக்கிட்டாலே கன்னிப் போயிரும். நாங்க டாக்டர்கிட்டக் காட்டிட்டுத்தான் இருக்கோம்."

"ஆமாங்க சார். சில பேருக்கு அப்படித்தானுங்க."

எல்லாத்தையும் அழிச்சிருன்னாரு. திரும்பத் தேடினாலும் கிடைக்கக் கூடாதுன்னாரு. அதுக்கும் வழி இருக்குன்னு சொல்லி, அவரு முன்னாலயே கார்டையும் அழிச்சேன், கம்ப்யூட்டர்லயும் அழிச்சேன். கேமராவ நீயே வெச்சுக்கோ, கத்துக்கற பசங்க யாருக்காவது குடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பயப்படாதீங்க தம்பி, உங்க கையில இருக்கறது அது இல்லை. அது உள்ள பீரோவுல இருக்கு. அதை விக்க மனசு வரலை.

இதுல எனக்குத் தெரியாத ஒண்ணு நடந்துருச்சு. இங்க ரெண்டு கம்ப்யூட்டருங்க. பிரிண்டு போடறது அந்தக் கடைசி மேசையில, ராசாமணி உக்காருவாளே, அங்க. ரெண்டுக்கும் ஒரே இணைப்பு. நான் இங்க தேடி எடுக்க எடுக்க, அவ அங்க காப்பி எடுத்து வெச்சிருக்கா. நான் அவரோட பேசிட்டு இருக்கற அந்தப் பத்து நிமிசத்துல, அவரு முதுகுக்குப் பின்னால. அறுபத்து மூணையும் தேதியோட பிரிண்டு போட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை கோயில்ல வெச்சு அந்தம்மா கையில குடுத்திருக்கா. கட்டின புருசன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கலையாம்.

கார்த்திகையில மேடம் பவானியில இருக்கற அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு பேச்சு வந்துது. படத்தையெல்லாம் அண்ணன் முன்னால பரப்பி வெச்சாங்களாம். அந்த மனுசன் அன்னைக்கு அழுதாராம். ரெண்டு நாளு கழிச்சு நம்ம தாளாளரு இங்க வந்தாரு. கோவமே இல்லைங்க. உக்காந்து டீ குடிச்சாரு. பிஸ்கெட்டு கூட எடுத்துக்கிட்டாரு.

"வேலு, இந்தக் கேமராவுல தேதிய யாரு வேணா மாத்தி வெக்கலாமில்ல?"

மாத்தலாமுங்கன்னேன்.

"போன வருசத் தேதி கூட வெக்கலாமில்ல?"

வெக்கலாமுங்கன்னேன். உண்மைதானுங்களே. இந்தா, மெனுவத் தொறந்தா ரெண்டாவதா இருக்கு, நீங்களே மாத்தலாம்.

அதை அப்படியே எழுதிக் குடுன்னாரு. பொய்யா எதையும் எழுத வேண்டாம், தெரிஞ்சதை மட்டும் எழுதுன்னாரு. கடை லெட்டர்பேடுல எழுதினேன். இந்த வகைக் கேமராவில் தேதியை உபயோகிப்பவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், எனவே படத்தில் உள்ள தேதி எடுக்கப்பட்ட நாளைத்தான் குறிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டு சீல் வெச்சேன். பொய் எழுதச் சொல்லியிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேனுங்க. அதுல ஒரு எழுத்து பொய்யில்லை. யாரு வேணா வந்து கேக்கட்டும்.

அந்தக் காயிதத்த அண்ணங்காரரு படிச்சாராம். ரெண்டு தடவ படிச்சாராம். அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க கட்டிக் குடுக்க இருக்கு, நூல் யாவாரத்துல நாலு பேரு முகத்துல முழிக்கணும். மார்கழி பொறக்கறதுக்குள்ள தங்கச்சிய அவரே கார்ல கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போயிட்டாரு. அந்தப் படமெல்லாம் என்னாச்சுன்னு தெரியலை. குடும்பம் சேந்துருச்சு, ஏதோ நம்மால ஆனதுன்னு நான் ராசாமணிகிட்டச் சொன்னேன். அன்னைக்கு என்கூடப் பேச்ச நிறுத்தினவதாங்க. சோறு போடுவா, பில்லு போடுவா, வாயத் தொறக்க மாட்டா. நாலு மாசமா வீட்டுல ரேடியோ மட்டுந்தான் பேசுது. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு நீங்களே சொல்லுங்க. கேட்டாங்க, சொன்னேன்.

மாசியில ஆண்டு விழா. மேடையில மேடம் உக்காந்திருந்தாங்க. பொக்கே குடுத்தப்ப ஒரு கையாலதான் வாங்கினாங்க, இடது கைய மடியில இருந்து எடுக்கவே இல்லை. நான் பெரிய லென்சு போட்டுக் கீழ இருந்து எடுத்துட்டு இருந்தேன். பெரிய லென்சுல முகம் ரொம்பக் கிட்ட வந்துரும்ங்க. காதுக்குக் கீழ பவுடருக்கு அடியில ஒரு நிழலு. லைட்டோட நிழலாக்கூட இருக்கலாம். ஆல்பம் போடறப்ப அதைத் தொடச்சு எடுத்துட்டேன். எல்லா முகத்துலயும் பருவு, கருப்பு எடுக்கறது வழக்கந்தானுங்க. யாரும் சொல்லலை, நானாத்தான் எடுத்தேன்.

போன வாரம் தாளாளரு கூப்பிட்டாரு. ஆண்டு விழாவுல கோகிலா தனியா நல்லா விழுந்திருக்கற படமா ஒண்ணு பாத்துப் பெருசா போடுன்னாரு. பதினாறுக்கு இருபது, தேக்குச் சட்டம். ஜோடியாப் போட்டா இன்னும் அழகா இருக்குமேங்க சார்னேன். வேண்டாம், அவ மட்டும்னாரு. பின்னால மேடை, சீரியல் லைட்டெல்லாம் எடுத்துட்டு வெறும் நீலமா வெச்சிரு, அடியில ரெண்டு வரி எழுதற மாதிரி எடம் விட்டிருன்னாரு. என்ன எழுதணுங்க சார்னு கேட்டேன். அது அப்புறம் சொல்றேன்னாரு.

நான் ஸ்டுடியோக்காரனுங்க தம்பி. ஒத்தை ஆளு படம், அந்த அளவு, நீல பேக்ரவுண்டு, அடியில ரெண்டு வரிக்கு எடம். இருபத்திரண்டு வருசத்துல எத்தனை வீட்டுக்கு அந்த மாதிரிப் போட்டுக் குடுத்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா. எல்லாம் பன்னெண்டாம் நாளு காரியத்துக்குள்ள வேணும்னு வந்து நிப்பாங்க. ஆனா உசுரோட இருக்கறவங்களுக்கும் போடலாமில்லைங்களா? பொறந்த நாளாக்கூட இருக்கும். பெரிய மனுசங்க வீட்டுல என்னென்னமோ வழக்கம் இருக்கும். நம்ம எதுக்குக் கண்டதையும் நினைக்கணும். மேடத்துக்கு உடம்பு முன்னைக்கு இப்ப ரொம்ப மோசமா இருக்குன்னு வேற அவரு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றாரு. ரத்தத்துல ஏதோ கோளாறாம். எப்ப என்ன ஆகும்னே சொல்ல முடியாதாம். என்கிட்டயே ரெண்டு தடவ சொன்னாரு.

இன்னைக்குக் காலைல சட்டம் போட்டு வந்துருச்சு. அந்தா, பேப்பர் சுத்திச் சாத்தி வெச்சிருக்கேனே, அதுதான். பதினொரு மணிக்கு அவரு வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். மேடந்தான் எடுத்தாங்க. கிளாசு முடிஞ்சதுக்கு அப்புறம் இப்பத்தான் அவங்க குரலக் கேக்கறேன். மேடம், படம் ரெடிங்கன்னேன்.

"என்ன படங்ண்ணா?"

அவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. கேட்டுட்டாங்க, என்ன பண்றது. சொன்னேன். அளவு சொன்னேன், நீலம் சொன்னேன், அடியில ரெண்டு வரிக்கு எடம் விட்டிருக்கேன், என்ன எழுதணும்னு சார் இன்னும் சொல்லலைங்கன்னேன். போன் அறுந்துருச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். அப்புறம் மெதுவாக் கேட்டாங்க, "படத்துல சிரிக்கறேனுங்களா?"

"நல்லாச் சிரிச்சிருக்கீங்க மேடம்."

அந்த நேரத்துல ராசாமணி வந்து என் கையில இருந்து போனப் புடுங்கினா. நாலு மாசமா என் பக்கமே திரும்பாதவ. "கண்ணு, நான் ராசாமணி பேசறேன். ஒண்ணும் எடுக்க வேண்டாம், செருப்பு கூட வேண்டாம். சமையக்காரம்மா போனதும் கொல்லக் கதவு வழியா வந்துரு. ஒண்ணே கால் கோயமுத்தூர் பஸ்சு. நான் அங்கயே நிக்கறேன்." அவ்வளவுதான். வெச்சுட்டா. டிராயர்ல இருந்து கொஞ்சம் நோட்ட எடுத்துக்கிட்டா, எண்ணக்கூட இல்லை. முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு வாசப்படி எறங்கினவ, திரும்பி நின்னு என்னப் பாத்து ஒண்ணு சொன்னா.

"யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுங்க. உங்க ஆயுசுல ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

தெரியாதுன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்லைங்க தம்பி. யாவாரத்துல அந்த வார்த்தை ஆகாது. தெரியாதுன்னு சொன்னா வந்தவன் எதுத்த கடைக்குப் போயிருவான். அப்படியே பழகிப் போச்சு. நீங்க உள்ள வந்ததுல இருந்து நான் வாய மூடாமப் பேசறது ஏன்னு நினைக்கறீங்க? சும்மா இருந்தாக் கண்ணு வாசலுக்கே போகுது. பாருங்க. இப்பக்கூடப் பாத்துட்டேன்.

மணி என்னங்க? பன்னெண்டு அம்பத்தஞ்சா. இன்னும் இருபது நிமிசம். இங்கிருந்து பஸ் ஸ்டாண்டு கார்ல போனா நாலே நிமிசந்தான்.

இல்லைங்க, சொல்ல மாட்டேன். மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேன். தெரியாதுங்க சார். தெரியாதுங்க சார். பெரிய கஷ்டமா என்ன. வாய்க்கு வருது பாருங்க. நீங்க கேமராவப் பாருங்க, அந்த வளையத்தத் திருப்புங்க, எதுத்தாப்புல இருக்கற போர்டு தெளிவாத் தெரியும்.

வெள்ளக் கார் ஒண்ணு நிக்குதுங்களா? கதவத் தொறக்கறது யாரு, பாருங்க.

படத்துக்குத்தான் வந்திருப்பாரு. ஆமா, படத்துக்குத்தான். நீங்க எந்திரிக்காதீங்க, உக்காந்தே இருங்க, நீங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

வாங்க சார், வாங்க வாங்க. படம் ரெடிங்க, இதோ எடுக்கறேன். இந்தத் தம்பி கேமரா பாக்க வந்திருக்காருங்க. ஆமாங்க சார், காலைலயே மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேனுங்க. வீட்டுல இல்லீங்களா? சேர் போடறேன், உக்காருங்க சார்.

ராசாமணிங்களா? பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காளுங்க சார்.